வேகம், திசைவேகம், முடுக்கம்: சூத்திரத்துக்கு முன் செய்ய வேண்டியவை, பத்து நாள் திட்டம்

பள்ளியை விட்டுப் பதினோரு ஆண்டுகள் கழித்து, அரசுப் பணித் தேர்வுக்காக அறிவியல் புத்தகத்தைத் திரும்பக் கையில் எடுத்தேன். இயக்கச் சமன்பாடுகள் மூன்றும் அப்போதும் மனப்பாடமாக இருந்தன. ஆனால் ஒரு கேள்வி விடவில்லை: 'செங்குத்தாக மேலே எறியப்பட்ட பந்து உச்சியில் இருக்கும்போது அதன் முடுக்கம் எவ்வளவு?' மூன்று மாதிரித் தேர்வுகளில் 'சுழியம்' என்று குறித்தேன். மூன்றிலும் மதிப்பெண் போனது. சரியான விடை 9.8 மீ/வி², கீழ்நோக்கி. விடையைப் பார்த்த பிறகும் காரணம் விளங்கவில்லை. பந்துதான் அங்கே நின்றுவிட்டதே! பயிற்சி வகுப்பில் கேட்டேன். 'அது அப்படித்தான், குறித்துக்கொள்ளுங்கள்' என்ற பதில்தான் கிடைத்தது.

அதை நானாகப் புரிந்துகொள்ள இரண்டு மாதம் ஆயிற்று. சரியான வரிசையில் போயிருந்தால் பத்து நாள் போதும், நாளுக்கு ஒரு மணி நேரம். தமிழ்வழியில் படித்துப் பதினொன்றாம் வகுப்புக்குப் போகிறவர்கள், என்னைப் போல இடைவெளிக்குப் பின் படிக்கிறவர்கள், பிள்ளைக்குச் சொல்லிக்கொடுக்க உட்கார்ந்து திணறுகிற பெற்றோர் ஆகியோருக்காக அந்த வரிசையை இங்கே தருகிறேன்.

ஒரே ஒரு நிபந்தனை. எட்டாம் நாள் வரை எந்தச் சூத்திரத்தையும் தொடாதீர்கள்.

1. கையில் இருக்க வேண்டியவை, ஆகும் செலவு

தமிழ்நாடு பாடநூல் கழகப் புத்தகங்களில் மூன்று பாடங்கள் போதும். ஏழாம் வகுப்பில் 'விசையும் இயக்கமும்', ஒன்பதாம் வகுப்பில் 'இயக்கம்', பதினொன்றாம் வகுப்பு இயற்பியலில் 'இயக்கவியல்'. இணையத்தில் இலவசமாகவே இறக்கிக்கொள்ளலாம். அலைபேசித் திரையில் படித்தால் வரைபடங்கள் கண்ணில் நிற்காது. அந்தப் பக்கங்களை மட்டும் ஜெராக்ஸ் கடையில் அச்செடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

ஏழாம் வகுப்புப் புத்தகமா என்று தயங்க வேண்டாம். நான் நேராகப் பதினொன்றில் தொடங்கி மூன்று வாரம் வீணாக்கினேன். அங்கே முதல் சில பக்கங்களிலேயே வெக்டர் (அளவோடு திசையும் உள்ளது) கூட்டல் வந்துவிடும். தொலைவுக்கும் இடப்பெயர்ச்சிக்கும் வித்தியாசம் தெரியாதவருக்கு அது ஏறாது.

மற்றவை: கிராஃப் தாள் பத்து, மீட்டர் டேப் ஒன்று, பழைய நோட்டு ஒன்று, சென்சார் உள்ள அலைபேசி. அலைபேசியில் 'ஃபைஃபாக்ஸ்' (phyphox) என்ற செயலியை நிறுவிக்கொள்ளுங்கள். ஜெர்மனியின் ஆக்கன் நகரில் உள்ள தொழில்நுட்பப் பல்கலைக்கழகம் உருவாக்கியது, இலவசம். ஆண்ட்ராய்டு, ஐபோன் இரண்டிலும் இயங்கும். எனக்கு அச்சு, தாள், டேப் எல்லாம் சேர்த்து நூறு ரூபாயை ஒட்டித்தான் ஆனது.

2. எந்த ஊர்ச் சொல் என்று முதலில் முடிவு செய்யுங்கள்

இதை யாரும் எச்சரிப்பதில்லை. தமிழில் இயற்பியல் காணொளி தேடினால் தமிழ்நாட்டு ஆசிரியர்களும் இலங்கை ஆசிரியர்களும் கலந்து வருவார்கள். இரு சாராருமே அருமையாக நடத்துகிறார்கள். சொற்கள்தான் வேறு.

தமிழ்நாட்டில் வேகம், திசைவேகம், முடுக்கம் என்று சொல்வதை இலங்கைப் பாடநூல்கள் கதி, வேகம், ஆர்முடுகல் என்று சொல்கின்றன. இரண்டு பட்டியலிலும் 'வேகம்' இருப்பதைக் கவனியுங்கள். இங்கே அது திசை இல்லாதது. அங்கே திசை உள்ளது. 'வேகம் ஒரு திசையுள்ள கணியம் (அளவு)' என்று எழுதினால் யாழ்ப்பாணத்துத் தேர்வில் சரி, மதுரைத் தேர்வில் தவறு. இதே போல இங்கே எதிர் முடுக்கம் என்பது அங்கே அமர்முடுகல். வரைபடத்தின் சாய்வு அங்கே படித்திறன். வெக்டர் அங்கே காவி.

நான் ஒரு வாரம் இரண்டையும் கலந்து குறிப்பெடுத்து, பின் அத்தனை பக்கங்களையும் கிழித்தேன். நோட்டின் முதல் பக்கத்தில் இரு பட்டியலையும் எழுதி ஒட்டிவிடுங்கள். எந்தத் தேர்வு எழுதுகிறீர்களோ அந்தச் சொல்லில் மட்டும் குறிப்பெடுங்கள். இந்தக் கட்டுரை தமிழ்நாட்டுச் சொற்களில் போகிறது.

3. நாள் 1, 2: வீட்டிலிருந்து கடைக்குப் போய்ப் பாருங்கள்

வீட்டிலிருந்து நீங்கள் வழக்கமாகப் போகும் ஒரு கடையையோ பள்ளியையோ எடுத்துக்கொள்ளுங்கள். அலைபேசி வரைபடத்தில் நடைவழித் தொலைவைக் குறித்துக்கொள்ளுங்கள். பிறகு அதே வரைபடத்தில் வீட்டுக்கும் கடைக்கும் இடையே நேர்கோட்டில் அளந்து, எந்தத் திசை என்பதையும் எழுதுங்கள். முதலாவது தொலைவு. இரண்டாவது, திசையோடு சேர்த்து, இடப்பெயர்ச்சி.

நடந்து போய் நேரத்தைக் குறியுங்கள். தொலைவை நேரத்தால் வகுத்தால் சராசரி வேகம். இடப்பெயர்ச்சியை நேரத்தால் வகுத்தால் சராசரித் திசைவேகம். நீங்கள் நடந்தது ஒரே நடை, கிடைப்பதோ இரண்டு எண்கள். தெரு எவ்வளவு வளைந்து போகிறதோ அவ்வளவு விலகி நிற்கும்.

இனி வீடு திரும்பும் வரை கணக்குப் போடுங்கள். இடப்பெயர்ச்சி சுழியம், ஆகவே சராசரித் திசைவேகமும் சுழியம். 400 மீட்டர் ஓடுகளத்தில் ஒரு சுற்றை 80 வினாடியில் ஓடி முடித்தவரின் சராசரி வேகம் 5 மீ/வி. அவருடைய சராசரித் திசைவேகம் சுழியம். மூச்சு வாங்க ஓடியவருக்குச் சுழியம் என்று எழுதக் கை கூசும். எழுதுங்கள். ஓடியதெல்லாம் வீண் என்று அந்த எண் சொல்லவில்லை. 'புறப்பட்ட இடத்திலிருந்து எவ்வளவு விலகினாய், எந்தப் பக்கம்' என்று கேட்கிறது, அவ்வளவுதான்.

இங்கே ஒரு பொறி இருக்கிறது. 'திசைவேகத்தின் எண்மதிப்பே வேகம்' என்று சில வழிகாட்டி நூல்களில் பார்ப்பீர்கள். குறிப்பிட்ட ஒரு கணத்துக்கு அது முழுக்கச் சரி. சராசரிக்குச் சரியல்ல, ஓடுகளக் கணக்கே சாட்சி.

அலகு மாற்றத்தையும் இந்த இரண்டு நாளிலேயே முடித்துவிடுங்கள். கி.மீ./மணியை 3.6-ஆல் வகுத்தால் மீ/வி. 36 என்பது 10, 54 என்பது 15, 72 என்பது 20, 90 என்பது 25. இந்த நான்கும் வாயில் நின்றால் தேர்வறையில் நேரம் மிச்சம்.

4. நாள் 3, 4: லிஃப்ட்டில் முடுக்கத்தைப் பாருங்கள்

எனக்குக் கண் திறந்தது இங்கேதான்.

ஐந்தாறு மாடியாவது உள்ள கட்டடத்தில், கூட்டமில்லாத நேரமாகப் பார்த்து, அனுமதி கேட்டுப் போங்கள். செயலியில் புவியீர்ப்பையும் சேர்த்துக் காட்டும் முடுக்கமானியைத் திறந்து, அலைபேசியை லிஃப்ட்டின் தரையில் திரை மேல்நோக்கி இருக்கும்படி வையுங்கள். கையில் பிடித்தால் கை நடுக்கமும் பதிவாகிவிடும்.

லிஃப்ட் அசையாமல் நிற்கும்போதே 9.8-ஐ ஒட்டி ஓர் எண் காட்டும். செயலி கெட்டுவிட்டது என்று நினைக்காதீர்கள், நான் நினைத்தேன். தரை அலைபேசியைத் தாங்கி நிற்பதைத்தான் அந்தச் சென்சார் உணர்கிறது. அந்த 9.8-ஐ அடிக்கோடாக வைத்துக்கொண்டு, அதிலிருந்து எவ்வளவு ஏறுகிறது, இறங்குகிறது என்று பாருங்கள். புவியீர்ப்பை நீக்கிக் காட்டும் வசதியும் செயலியில் உண்டு. ஆனால் விலை குறைந்த சில அலைபேசிகளில் அது இயங்காது.

மேல்மாடிப் பொத்தானை அழுத்துங்கள். கிளம்பும்போது எண் சற்று ஏறும். பிறகு திரும்ப 9.8-க்கு வந்து அங்கேயே நிற்கும். மாடியை நெருங்கி நிற்கப்போகும்போது 9.8-க்குக் கீழே இறங்கும். நின்றதும் மறுபடி 9.8.

நடுப்பகுதியைக் கவனியுங்கள். லிஃப்ட் தன் முழு வேகத்தில் போவது அப்போதுதான். முடுக்கம் சுழியமாக இருப்பதும் அப்போதுதான். 'வேகம் அதிகம் என்றால் முடுக்கமும் அதிகம்' என்று பள்ளிக்காலம் முதல் என் தலையில் இருந்த எண்ணம் அந்த நாலாவது மாடியில் போனது. வண்டி பறக்கும்போது 'செம ஆக்சிலேஷன்' என்று பேச்சில் சொல்லிப் பழகியதும் இந்தக் குழப்பத்துக்கு ஒரு காரணம். எவ்வளவு விரைவாகப் போகிறது என்பதற்கு முடுக்கத்தில் இடமே இல்லை. திசைவேகம் எவ்வளவு விரைவாக மாறுகிறது என்பது மட்டுமே கணக்கு.

லிஃப்ட் இல்லாத ஊரில் இருந்தால் பேருந்து போதும். அலைபேசியின் இருப்பிட வசதி வழியாக வேகத்தைக் காட்டும் பகுதி அதே செயலியில் உண்டு. இரண்டு பேராகப் போங்கள். ஐந்து வினாடிக்கு ஒருமுறை ஒருவர் அளவைச் சொல்ல, மற்றவர் எழுதட்டும். உயரமான கட்டடங்களுக்கு நடுவே அளவு தாமதமாக வரும், புறவழிச்சாலை நல்லது. இருசக்கர வாகனம் ஓட்டிக்கொண்டே இதைச் செய்யவே செய்யாதீர்கள்.

அலகைப் பற்றியும் ஒரு சொல். மீ/வி² என்பதை 'மீட்டர் பை வினாடி ஸ்கொயர்' என்று வாசித்தால் எதுவும் மனத்தில் உருவாகாது. வினாடியை எப்படி வர்க்கப்படுத்துவது? 3 மீ/வி² என்றால், ஒவ்வொரு வினாடியிலும் திசைவேகம் 3 மீ/வி மாறுகிறது. இப்படியே வாய்விட்டு வாசியுங்கள். வினாடி இரண்டு தடவை வருவதால்தான் அந்த 2.

5. நாள் 5, 6, 7: ஒரு டவுன் பஸ்ஸை வரைபடத்தில் ஓட்டுங்கள்

மூன்று நாள் அதிகம் என்று தோன்றும். குறைக்காதீர்கள்.

ஒரு நிறுத்தத்திலிருந்து பஸ் கிளம்புகிறது. முதல் 10 வினாடியில் சீராக 10 மீ/வி-க்கு வருகிறது. அடுத்த 30 வினாடி அதே 10-இல் நேராகப் போகிறது. கடைசி 5 வினாடியில் பிரேக் பிடித்து அடுத்த நிறுத்தத்தில் நிற்கிறது. மொத்தம் 45 வினாடி. கிடை அச்சில் நேரம், நெடு அச்சில் திசைவேகம் வைத்து இதை வரையுங்கள். ஏறும் கோடு, படுத்த கோடு, இறங்கும் கோடு என்று மேசை போல ஓர் உருவம் கிடைக்கும்.

கோட்டின் சாய்வுதான் முடுக்கம். முதல் பகுதியில் 10-ஐ 10-ஆல் வகுக்க 1 மீ/வி². நடுவில் சுழியம். கடைசியில் −2 மீ/வி². லிஃப்ட்டில் பார்த்த அதே கதை.

கோட்டுக்குக் கீழே உள்ள பரப்பு இடப்பெயர்ச்சி. முதல் முக்கோணம் 50, நடுச் செவ்வகம் 300, கடைசி முக்கோணம் 25. ஆக 375 மீட்டர். அதை 45-ஆல் வகுத்தால் 8.33 மீ/வி, அதாவது மணிக்கு 30 கி.மீ. உச்ச வேகம் 36, சராசரி 30. ஒரு சூத்திரமும் இல்லாமல், முக்கோணப் பரப்பு மட்டும் தெரிந்த ஒருவர் இவ்வளவும் கண்டுபிடித்துவிட்டார்!

அடுத்த நாள் அதே பயணத்துக்கு நேரம்–இடப்பெயர்ச்சி வரைபடம் வரையுங்கள். இங்கே சாய்வு என்பது திசைவேகம். முதல் 10 வினாடியில் கோடு வளைந்து எழும், நடுவில் நேராக ஏறும், கடைசியில் வளைந்து படுத்துவிடும். இரண்டு தாள்களையும் ஒன்றன் கீழ் ஒன்றாக வைத்து, ஒரே வினாடியில் மேலே என்ன, கீழே என்ன என்று அளவுகோலை நகர்த்திப் பாருங்கள். ஒரு வரைபடத்தின் சாய்வு அடுத்த வரைபடத்தின் உயரமாக வருவது தெரியும். மூன்றுக்கும் உள்ள உறவு முழுவதும் அந்த இரண்டு தாள்களில் இருக்கிறது.

பலரும் விழும் குழி: வரைபடத்தைச் சாலையின் படமாகப் பார்ப்பது. கோடு மேலே ஏறினால் வண்டி மேடு ஏறுகிறது, படுத்தால் சமதளம் என்று மனம் தானாக வாசித்துவிடும். வரைந்தவுடன் இரண்டு அச்சுகளின் பெயரையும் அலகையும் எழுதுங்கள், எழுதாமல் ஒரு கேள்விக்கும் விடை சொல்லாதீர்கள். நேரம்–இடப்பெயர்ச்சியில் படுத்த கோடு என்றால் வண்டி நிற்கிறது. நேரம்–திசைவேகத்தில் படுத்த கோடு என்றால் மாறாமல் ஓடிக்கொண்டிருக்கிறது. ஒரே கோடு, இரண்டு பொருள்.

6. நாள் 8: கூட்டல் குறி, கழித்தல் குறி

இப்போது அந்தப் பந்துக்கு வருவோம். மேல்நோக்கிய திசையைக் கூட்டல் என்று முடிவு செய்து, நோட்டில் எழுதிவிடுங்கள். பாதிக் கணக்கில் மாற்றக்கூடாது. பந்தை 19.6 மீ/வி-இல் மேலே எறிகிறோம். காற்றின் தடையை விட்டுவிடுவோம். 0, 1, 2, 3, 4 வினாடிகளில் அதன் திசைவேகம்: 19.6, 9.8, 0, −9.8, −19.6.

அடுத்தடுத்த எண்களைக் கழித்துப் பாருங்கள். ஒவ்வொரு வினாடியிலும் −9.8 மாறுகிறது. உச்சிக்கு வருவதற்கு முந்தைய வினாடியில் 9.8-இலிருந்து 0, அடுத்த வினாடியில் 0-இலிருந்து −9.8. மாற்றம் ஒரு கணமும் ஓயவில்லை. சுழியம் என்பது அந்த வரிசையில் வழியில் வரும் ஓர் எண்தான். உச்சியில் முடுக்கமும் சுழியமாகியிருந்தால் திசைவேகம் சுழியத்திலேயே தங்கியிருக்கும். பந்து அந்தரத்தில் தொங்கும். இரண்டு மாதம் நான் தேடிய விடை இந்த ஐந்து எண்களில் இருந்தது.

அடுத்த பொறி, 'முடுக்கம் எதிர்க்குறி என்றால் வேகம் குறைகிறது' என்பது. பந்து இறங்கும் கடைசி இரண்டு வினாடிகளில் முடுக்கம் அதே −9.8, ஆனால் வேகம் 0, 9.8, 19.6 என்று ஏறுகிறது. திசைவேகமும் முடுக்கமும் ஒரே குறியானால் வேகம் கூடும். வெவ்வேறு குறியானால் குறையும். முடுக்கத்தின் குறியை மட்டும் தனியாகப் பார்த்து எதையும் முடிவு செய்யாதீர்கள்.

9.8-ஐ நீங்களே அளக்க ஆசைப்பட்டால் ஸ்டாப்வாட்ச் உதவாது. சுமார் 1.2 மீட்டர் உயரத்திலிருந்து விழ அரை வினாடிதான் ஆகும். விரல் அழுத்தும் தாமதமே ஏறத்தாழ 0.2 வினாடி. அலைபேசியில் வினாடிக்கு 240 சட்டங்கள் (ஃபிரேம்கள்) எடுக்கும் மெதுவியக்கக் காணொளி இருந்தால், 1.22 மீட்டரிலிருந்து ஒரு பந்தை விட்டு, தரையைத் தொடும் வரை சட்டங்களை எண்ணுங்கள். 120-ஐ ஒட்டி வர வேண்டும்.

7. நாள் 9: இப்போது சூத்திரம்

'வி = யு + ஏடி' என்று ஒப்பித்ததை வாக்கியமாக வாசியுங்கள்: இறுதித் திசைவேகம் = தொடக்கத் திசைவேகம் + முடுக்கம் × நேரம். முந்தைய படியில் நீங்கள் போட்ட ஐந்து எண் வரிசைதான் அது. இடப்பெயர்ச்சிக்கான சமன்பாடு, பஸ் வரைபடத்துக்குக் கீழே கூட்டிய செவ்வகமும் முக்கோணமும். மூன்றாவது சமன்பாடு இந்த இரண்டிலிருந்து நேரத்தை நீக்கினால் வருவது. புதிதாக மனப்பாடம் செய்ய எதுவும் இல்லை.

ஒன்றை மட்டும் சிவப்பு மையில் எழுதுங்கள். முடுக்கம் மாறாமல் இருக்கும் வரைதான் இவை செல்லும். டவுன் பஸ்ஸின் 45 வினாடியையும் ஒரே சமன்பாட்டில் போட்டால் விடை தவறும். மூன்று துண்டாக வெட்டி, ஒரு துண்டின் இறுதித் திசைவேகத்தை அடுத்த துண்டின் தொடக்கமாக வைக்க வேண்டும்.

8. அதே நாள் மாலை: வளைவு

கொல்லிமலைக்குக் காரவள்ளியிலிருந்து ஏறும் சாலையில் 70 கொண்டை ஊசி வளைவுகள். 10 மீட்டர் ஆரமுள்ள அரைவட்ட வளைவு ஒன்றைப் பஸ் மாறாத 18 கி.மீ. வேகத்தில், அதாவது 5 மீ/வி-இல், கடக்கிறது என்று வைத்துக்கொள்வோம். முள் 18-ஐ விட்டு அசையவில்லை. முடுக்கம் உண்டா?

நுழையும்போது திசைவேகம் +5, வெளியேறும்போது நேரெதிர்த் திசையில், −5. மாற்றத்தின் அளவு 10 மீ/வி. அரைவட்டத்தின் நீளம் 31.4 மீட்டர், கடக்க 6.3 வினாடி. சராசரி முடுக்கம் சுமார் 1.6 மீ/வி². நீங்கள் இருக்கையில் சரிந்து கம்பியைப் பிடித்துக்கொண்டீர்களே, அதை ஏற்படுத்தியது இந்த முடுக்கம்தான். வேகம் மாறாமலே முடுக்கம் இருக்கலாம் என்பதற்கு இதைவிட நல்ல சான்று எனக்குக் கிடைக்கவில்லை. ஓட்டுநரின் கையில் உள்ள ஸ்டீயரிங்கும், காலடியில் உள்ள பிரேக்கும், ஆக்சிலேட்டரைப் போலவே முடுக்கம் தருபவை.

9. நாள் 10: மூன்று கேள்விகள்

புத்தகத்தை மூடிவிட்டு, கிராஃப் தாளோடு உட்காருங்கள். அரை மணி நேரம்.

முதல் கேள்வி. திருச்சியிலிருந்து தஞ்சாவூர் 60 கி.மீ. என்று கொள்வோம். போகும்போது மணிக்கு 40 கி.மீ., திரும்பும்போது 60 கி.மீ. சராசரி வேகம் எவ்வளவு? 50 என்று எழுதினால் தவறு. போக ஒன்றரை மணி, வர ஒரு மணி, 120-ஐ 2.5-ஆல் வகுக்க 48. சராசரித் திசைவேகம் சுழியம்.

இரண்டாவது. 36 கி.மீ. வேகத்தில் வரும் கார் 5 மீ/வி² எதிர் முடுக்கத்தில் நிற்கிறது. 72-இல் வந்தால் நிற்கத் தேவையான தொலைவு இரு மடங்காகுமா? முதலாவதற்கு 10 மீட்டர், இரண்டாவதற்கு 40 மீட்டர். நான்கு மடங்கு. இரண்டு முக்கோணங்களையும் ஒரே தாளில் வரைந்தால், பெரிய முக்கோணம் உயரத்திலும் அகலத்திலும் இரு மடங்காக இருப்பது தெரியும்.

மூன்றாவது. கிழக்கைக் கூட்டல் என்று கொள்க. மேற்கு நோக்கிப் போகும் ரயில் வேகம் குறைந்து நிற்கிறது. அதன் முடுக்கத்தின் குறி என்ன? கூட்டல். திசைவேகம் −20, −10, 0 என்று போகிறது. ஒவ்வொரு தடவையும் 10 கூடுகிறது.

முதல் கேள்வியில் தவறினால் படி 3-க்கும், இரண்டாவதில் தவறினால் படி 5-க்கும், மூன்றாவதில் தவறினால் படி 6-க்கும் திரும்பி, அந்தப் படியின் வேலையை மட்டும் மறுபடி செய்யுங்கள். மூன்றும் சரியாக வந்தால் பதினொன்றாம் வகுப்பு 'இயக்கவியல்' பாடத்தை முதல் பக்கத்திலிருந்து திறக்கலாம். கிராஃப் தாள்களைக் கழிக்காதீர்கள், அங்கே எறிபொருள் இயக்கத்துக்கு அவை மறுபடி தேவைப்படும்.